இரண்டு நோய், ஒரே பெயர்: ஒரு மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: ஒரு மருத்துவ ஆய்வாளரின் அறிமுகப் பக்கத்தில் "அல்சைமர் நோய், புராஸ்டேட் புற்றுநோய், 140 ஆய்வுக் கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 38" என்று போட்டிருக்கிறது. ஒன்று மூளை, மற்றொன்று சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. ஒரே ஆள் இரண்டிலும் உருப்படியாக வேலை செய்ய முடியுமா? இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்?

முடியும். ஆனால் கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் என்ற அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. இந்த இரண்டு நோய்களும் ஒரே பெயரின் கீழ் வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். பெயர் ஒன்றாக இருந்து ஆள் இரண்டு பேராக இருக்கலாம். அல்லது அவர் நோயின் வல்லுநராக இல்லாமல் புள்ளியியல், மரபணுத் தரவு, ஸ்கேன் படங்கள் போன்ற ஒரு கருவியின் வல்லுநராக இருக்கலாம். கருவி எங்கே போகிறதோ அங்கே அவர் பெயரும் போகும். அல்லது இரண்டு நோய்களையும் உண்மையாகவே இணைக்கும் ஒரு கேள்வியைத் துரத்துபவராக இருக்கலாம். எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் எண்ணிக்கைக்கே அர்த்தம் வரும்.

முதலில் ஆள் ஒருவர்தானா என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தரவுத்தளத்தில் 2002க்கு முன் வந்த கட்டுரைகளுக்கு ஆசிரியரின் குடும்பப் பெயரும் தலைப்பெழுத்தும்தான் இருக்கும். முழுப் பெயர் கிடைக்காது. பரவலான ஒரு குடும்பப் பெயரையும் ஒற்றைத் தலைப்பெழுத்தையும் போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். குடும்பப் பெயர் வழக்கமே இல்லாதவர்களின் பாடு இன்னும் மோசம். ஒரே ஆள் இரண்டு மூன்று வடிவங்களில் சிதறிக் கிடப்பார். நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துச் சலிக்கலாம் என்றால் அதிலும் ஒரு பொறி உண்டு. 2014 வாக்கில்தான் எல்லா ஆசிரியர்களின் நிறுவன முகவரியும் பதிவாகத் தொடங்கியது. அதற்கு முன் முதல் ஆசிரியரின் முகவரி மட்டும்தான். ஆகவே நடுவில் பெயர் வரும் பழைய கட்டுரைகள் நிறுவனப் பெயர்த் தேடலில் தப்பிவிடும்.

2012இல் தொடங்கிய ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதைத் தீர்க்கத்தான் வந்தது. அவருக்கு அந்த எண் இருந்தால் நல்லது. ஆனால் அந்தப் பட்டியலைப் பராமரிப்பது அவரே என்பதால் பாதி காலியாகவும் இருக்கலாம். கூகுள் ஸ்காலர் பக்கம் இதற்கு நேர்மாறு: புதுக் கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொண்டே போகும், ஆள் மாறியிருந்தாலும் உரியவர் வந்து நீக்கும்வரை அப்படியே நிற்கும். நாலு பேருடைய கட்டுரைகள் ஒரே பக்கத்தில் குவிந்து, எச்-இண்டெக்ஸ் எகிறி நிற்பது அங்கே சாதாரணம்.

சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே ஆண்டில் வெளிவந்த ஓர் அல்சைமர் கட்டுரையையும் ஒரு புராஸ்டேட் கட்டுரையையும் எடுங்கள். இணை ஆசிரியர், துறை, நிதி வழங்கிய அமைப்பு, தொடர்பு மின்னஞ்சல் இவற்றில் ஏதாவது ஒன்று பொதுவாக இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் இரண்டு ஜோடிகளைப் பாருங்கள். மூன்று ஜோடியிலும் ஒட்டுறவே இல்லையென்றால், இருவரைச் சேர்த்து எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆள் ஒருவர்தான் என்று உறுதியானதும் 140ஐப் பிரியுங்கள். பப்மெட்டின் கட்டுரை வகைச் சலிப்பானில் மருந்துச் சோதனை, திறனாய்வு (பிறர் ஆய்வுகளைத் தொகுத்துரைப்பது), கடிதம், தலையங்கம், கருத்துரை, ஒற்றை நோயாளி அறிக்கை என்று தனித்தனியாகத் தட்டிப் பார்க்கலாம். ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதிய அரைப் பக்கக் கடிதமும் பத்தாண்டு நடந்த சோதனையின் முடிவும் எண்ணிக்கையில் ஆளுக்கு ஒன்றுதான். மாநாட்டுச் சுருக்கங்கள் பப்மெட்டில் அதிகம் இருக்காது, ஆனால் ஸ்காலரிலும் சொந்தத் தன்விவரக் குறிப்பிலும் தாராளமாக இருக்கும்.

அல்சைமர் துறைக்கே உரிய ஒரு வீக்கமும் உண்டு. 2004இல் தொடங்கிய அல்சைமர் நோய் நரம்புப் படமெடுப்புத் திட்டத்தின் தரவை உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். பதிலுக்கு, கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அந்தத் திட்டத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும். திட்டத்தில் பங்கேற்ற மையங்களின் ஆய்வாளர்கள் இதனால் 'கூட்டு ஆய்வாளர்' என்ற தலைப்பின் கீழ், தாங்கள் படித்தே இராத கட்டுரைகளிலும் தோன்றலாம். அது தவறில்லை, அவர்கள் எடுத்துத் தந்த ஸ்கேன்தான் அந்தத் தரவு. ஆனாலும் அதை ஆசிரியத்துவமாக எண்ணக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோயின் மரபணு ஆய்வுகளிலும் இதே கதைதான்: லட்சத்துக்கும் மேலான ஆண்களின் மாதிரிகளைச் சேர்க்கும் பெருங்கூட்டமைப்புகளின் ஒரு கட்டுரையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். அதில் நூற்று நாற்பதாவது பெயர் என்பது பெரும்பாலும் "மாதிரிகளை அனுப்பிவைத்த மையம்" என்று பொருள்.

பெயர் நிற்கும் இடம் முக்கியம். மருத்துவ ஆய்வில் முதல் பெயர் வேலையை இழுத்துச் செய்தவருடையது, கடைசிப் பெயர் பொதுவாக ஆய்வுக்கூடத்தின் அல்லது திட்டத்தின் தலைவருடையது, தொடர்பு ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியர் என்ற தகுதிக்கு 4 நிபந்தனைகள் வைத்திருக்கிறது: வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். நடைமுறையில் மரியாதைக்காகச் சேர்க்கப்படும் பெயர்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சில ஆய்விதழ்கள் கட்டுரையின் முடிவில் யார் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளாகப் பிரித்துப் போடுகின்றன. அந்தப் பத்தியைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. பத்துக் கட்டுரைகளில் தொடர்ந்து "புள்ளியியல் பகுப்பாய்வு" என்று மட்டும் வந்தால், அவர் இரண்டாம் வகை, அதாவது கருவியின் வல்லுநர். அதில் குறைவு ஏதும் இல்லை. நல்ல புள்ளியியலாளர் இல்லாத மருந்துச் சோதனை ஆட்டம் காணும். ஆனால் "இரண்டு நோய்களின் வல்லுநர்" என்ற அறிமுகம் மட்டும் பொருந்தாது.

இனி மூன்றாம் வகை. அல்சைமரையும் புராஸ்டேட்டையும் இணைக்கும் உண்மையான பாலங்கள் சில இருக்கின்றன. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால், பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் இந்த ஆள் எந்தப் பாலத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

பெரிய பாலம் ஹார்மோன். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோனை வற்றவைப்பது அடிப்படைச் சிகிச்சை. லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் அதைத்தான் செய்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். 2016இல் அமெரிக்காவின் மருத்துவப் புற்றுநோயியல் ஆய்விதழில், 16,888 புராஸ்டேட் நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளை அலசிய கட்டுரை வந்தது. ஹார்மோன் ஒடுக்கச் சிகிச்சை பெற்ற 2,397 பேருக்கு அல்சைமர் ஆபத்து விகிதம் (1 என்றால் வித்தியாசமே இல்லை) 1.88 என்றது. செய்தித்தாள்களில் அது "கிட்டத்தட்ட இரட்டிப்பு" ஆனது. நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, 1.10 முதல் 3.20 வரை என்பதையும், கண்காணித்த காலத்தின் இடைநிலை 2.7 ஆண்டுதான் என்பதையும் யாரும் தலைப்பில் போடவில்லை. அடுத்த ஆண்டே அதே ஆய்விதழில் அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவில் இருந்த 12 லட்சம் ஆண்களைப் பார்த்த கட்டுரை வந்தது. அல்சைமருடன் தொடர்பு தெரியவில்லை. 2019இல் 1,54,089 பேரை வைத்துச் செய்த இன்னொரு பகுப்பாய்வு 1.14 என்ற சிறிய உயர்வைக் காட்டியது.

இப்படி முரண்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதே வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. அறுவைச் சிகிச்சை தாங்காதவர், நோய் முற்றியவர், வயதானவர், இவர்களுக்கே அதிகம் போகிறது. இவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஊசிக்கு முன்பே அதிகம். இரண்டாவது, சிகிச்சை தொடங்கும் வரை உயிரோடு, டிமென்ஷியா (மறதி நோய்) இல்லாமல் இருந்த நாட்களைச் சிகிச்சைக் கணக்கில் தவறாகச் சேர்த்தால், சிகிச்சை உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். மூன்றாவது, மாதத்துக்கு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்கு வருபவரின் தடுமாற்றம் மருத்துவர் கண்ணில் சீக்கிரம் படும், வராதவருடையது பதிவாகாது. நான்காவது, வேறு காரணத்தால் இறந்துபோனவருக்கு அல்சைமர் வர வழியே இல்லை. அதைத் தனியாகக் கணக்கிடாவிட்டால் விகிதம் கோணலாகும். ஆகவே உங்கள் ஆய்வாளர் இந்தத் தலைப்பில் எழுதியிருந்தால், கட்டுரையின் முறைகள் பகுதியில் இந்த நான்கையும் எப்படிச் சமாளித்தார் என்று தேடுங்கள். மேற்கோள் எண்ணிக்கையைவிட அந்த இரண்டு பத்திகள் அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், அதே லியூப்ரோலைடை அல்சைமருக்கு மருந்தாகவே சோதித்தவர்களும் உண்டு. பாலுறுப்புகளை இயக்கும், வயதான பிறகு உயரும் லூட்டினைசிங் ஹார்மோன்தான் மூளையைக் கெடுக்கிறது, அதை அடக்கினால் நல்லது என்பது அவர்களின் வாதம். பெண்களிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் மொத்தக் குழுவில் பலன் தெரியவில்லை. வழக்கமான அல்சைமர் மாத்திரையையும் சேர்த்து எடுத்த உட்குழுவில் மட்டும் சரிவு குறைந்ததாகத் தெரிந்தது. உட்குழு முடிவு என்பது அடுத்த சோதனைக்கான காரணம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் தன் பழைய உட்குழு முடிவை அடுத்தடுத்த திறனாய்வுகளில் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டே போனால், அது பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத பெரிய ஓட்டை.

இரண்டாவது பாலம் ஒரே மருந்துச் சோதனையின் மேல் இரண்டு நோய்களை ஏற்றியது. செலினியமும் வைட்டமின் ஈயும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க 2001இல் தொடங்கிய செலக்ட் சோதனையில் 35,533 ஆண்கள் சேர்ந்தார்கள். நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம், 400 அலகு வைட்டமின் ஈ. பலன் இல்லை என்று 2008இல் மாத்திரை நிறுத்தப்பட்டது. 2011இல் வந்த தொடர் கண்காணிப்பு, வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று காட்டியது. இதற்குள்ளேயே, 7,540 ஆண்களை வைத்து டிமென்ஷியாவைத் தடுக்க முடியுமா என்று ஒரு துணைச் சோதனையும் நடந்தது. 2017இல் வந்த முடிவு, அங்கேயும் பலனில்லை. இந்தக் குழுவில் இருந்த ஒருவரின் பட்டியலில் புராஸ்டேட்டும் அல்சைமரும் ஒன்றாக வருவது முழுக்க முழுக்க இயல்பு. இன்னொன்றும் கவனிக்கலாம்: "பலனில்லை" என்ற முடிவையும் வெளியிட்டிருக்கிறார்கள். ஒருவரின் பட்டியலில் எதிர்மறை முடிவே ஒன்றுகூட இல்லையென்றால், எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நினைத்ததெல்லாம் நடக்கும் ஆய்வுக்கூடம் எங்கும் கிடையாது.

மூன்றாவது பாலம் மூலக்கூறு. கிளஸ்டெரின் என்ற புரதத்தின் கதை இதில் அழகானது. ஆணெலியின் விரைகளை அகற்றியதும் சுருங்கும் புராஸ்டேட்டில் அது ஏராளமாக உருவாவதைக் கண்டு, "டெஸ்டோஸ்டிரோன் ஒடுக்கும் புராஸ்டேட் செய்தி" என்றே ஒரு காலத்தில் பெயர் வைத்தார்கள். 2009இல் இரண்டு பெரிய மரபணு ஆய்வுகள் அதே கிளஸ்டெரின் மரபணுவை அல்சைமர் ஆபத்தோடு இணைத்தன. புற்றுநோய்ப் பக்கத்தில் அந்தப் புரதத்தை அடக்கும் கஸ்டிர்சென் என்ற மருந்து, டோசிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்துடன் சேர்த்து, 1,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போய், ஆயுளைக் கூட்டாமல் தோற்றது. பின்1 என்ற நொதியும் இதே போல: பல புராஸ்டேட் கட்டிகளில் மிகுந்திருக்கும், அல்சைமர் மூளையில் குறைந்திருக்கும். 2012இல், அமெரிக்காவில் நீண்டகாலமாகக் கண்காணிக்கப்படும் ஃபிராமிங்ஹாம் குழுவின் 1,278 பேரை வைத்து பிஎம்ஜே ஆய்விதழில் வந்த கட்டுரை, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அல்சைமர் குறைவு என்று (விகிதம் 0.67) சொன்னபோது, இந்த 'எதிரெதிர்' மூலக்கூறுகள் மேல் ஆர்வம் கூடியது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்த கணக்கு அது. புராஸ்டேட்டுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வுக்கூட வேலை என்றால் எதன் மேல் செய்தது என்று பாருங்கள். புராஸ்டேட்டில் எல்என்கேப், பிசி-3, டியூ145 என்ற, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மூன்று செல் வரிசைகள் பழக்கமானவை. எல்என்கேப் செல்களில் ஆண் ஹார்மோன் ஏற்பி வேலை செய்யும். மற்ற இரண்டிலும் அது பொதுவாக இல்லை என்றே கொள்வார்கள். பிசி-3 செல்களை மட்டும் வைத்து ஹார்மோன் ஏற்பி வழியாக மருந்து வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை சொன்னால், மதிப்பாய்வாளர் தூங்கிவிட்டார் என்று பொருள். அல்சைமரில் 5எக்ஸ்ஃபேட் போன்ற எலிகள், குடும்ப வழி வரும் அரிய வகையின் 5 மரபணுப் பிறழ்வுகளை ஒரே உடலில் திணித்துச் செய்தவை. சில மாதங்களிலேயே மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும். முதுமையில் தானாக வரும் மனித நோயோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. எலியில் மட்டுமே பலன் காட்டிய 30 கட்டுரைகளைவிட, மனிதரிடம் தோற்ற ஒரு சோதனை அறிவுக்குக் கூட்டியது அதிகம்.

மனிதச் சோதனைகளைப் பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள். மருந்துச் சோதனையை ஆளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று ஆய்விதழ் ஆசிரியர்கள் 2005இல் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்கப் பதிவேட்டின் எண் என்சிடி என்று தொடங்கி 8 இலக்கம் கொண்டிருக்கும். அது சுருக்கத்தின் கடைசியிலேயே கிடக்கும். பதிவேட்டில் 'மாற்ற வரலாறு' என்ற பகுதியைத் திறந்து, முதலில் எழுதிய முதன்மை அளவீடும் கட்டுரையில் வந்ததும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். புராஸ்டேட்டில் "மொத்த ஆயுள்" என்று தொடங்கி "பிஎஸ்ஏ (ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதம்) சரிவு" என்று முடிந்திருந்தால், அல்சைமரில் "நினைவாற்றல் மதிப்பெண்" என்று தொடங்கி "ரத்தக் குறிப்பான்" என்று முடிந்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். முடிந்து பல ஆண்டாகியும் முடிவே வராத சோதனைகளும் அங்கே தெரியும். அவை கட்டுரைப் பட்டியலில் வராது, ஆனால் அவரின் வரலாற்றில் சேரும்.

பலனின் அளவையும் சதவீதத்தில் மட்டும் பார்க்காதீர்கள். லெக்கனமாப் என்ற அல்சைமர் மருந்தின் பெரிய சோதனையில் 1,795 பேர். 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் குறைந்தது என்பது உண்மை. 0 முதல் 18 வரையான அளவுகோலில் இரு குழுக்களுக்கும் இடையே 0.45 புள்ளி வித்தியாசம் என்பதும் அதே உண்மைதான். இரண்டையும் சேர்த்து எழுதும் ஆய்வாளரை நம்பலாம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல், கட்டுரைகளுக்கு அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வெளியான கட்டுரைகளை விவாதிக்கும் பப்பியர் தளத்தில் படங்களைப் பற்றிய ஐயங்கள் பதிவாகும். இங்கே நிதானம் வேண்டும். தானே பிழையைக் கண்டு திரும்பப் பெற்றவரும், படங்களை வெட்டி ஒட்டியதாகக் கண்டறியப்பட்டவரும் ஒரே தட்டில் வரமாட்டார்கள். அறிவிப்பின் வாசகத்தைப் படியுங்கள். அல்சைமர் துறையில் பேசப்பட்ட நிகழ்வு, 2006இல் நேச்சர் ஆய்விதழில் வந்து, ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு கூட்டுப் புரதம் எலியின் நினைவைக் கெடுப்பதாகச் சொன்ன கட்டுரை. படங்கள் திருத்தப்பட்டதாக 2022இல் கேள்வி எழுந்து, 2024 ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் 2,000 முறைக்கும் மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. மேற்கோள் எண்ணிக்கை கவனத்தை அளக்கும், சரியா தவறா என்பதை அளக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. (அந்தக் கட்டுரையோடு அமிலாய்டு கோட்பாடு மொத்தமும் சரிந்துவிட்டது என்று எழுதியவர்களும் தவறுதான், அது ஒரு புரத வடிவத்தைப் பற்றியது மட்டும்.) போலிக் கட்டுரை ஆலைகளையும் மறக்க வேண்டாம். ஹிண்டாவி பதிப்பகத்தின் ஆய்விதழ்களிலிருந்து மட்டும் 2023இல் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. "இன்ன நுண் ஆர்என்ஏ, இன்ன மரபணுவின் வழியாக, புராஸ்டேட் புற்றுநோயைத் தூண்டுகிறது" என்ற ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள், வெவ்வேறு உறுப்புகளின் பெயரோடு ஒரே ஆசிரியரிடம் வரிசையாக வந்தால் உஷாராகுங்கள்.

எச்-இண்டெக்ஸ் பற்றி: 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. 38 என்றால், குறைந்தது 38 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 38 இருக்கின்றன. வயது ஆக ஆகக் கூடும், ஒருபோதும் குறையாது. நடுவில் நிற்கும் பெயருக்கும் முதல் பெயருக்கும் ஒரே மதிப்பு. ஒரே ஆளுக்கு ஸ்காலரில் 45, ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் 36 என்று இருப்பது வழக்கம். ஆகவே எந்தத் தளத்தின் எண் என்று சொல்லாத எச்-இண்டெக்ஸைத் தள்ளிவையுங்கள். இரண்டு துறைகளை ஒப்பிட வேண்டுமென்றால் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் தளத்தில் கிடைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் மேல். அந்த நிறுவன நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமட்டம் அதில் 1.0. கட்டுரைகளின் பப்மெட் எண்களை அங்கே ஒட்டினால் போதும். அல்சைமர் கட்டுரைகளைத் தனியாக, புராஸ்டேட் கட்டுரைகளைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 3க்கு மேலும் மறுபக்கம் 0.4 என்றும் வந்தால், அவர் உண்மையில் எந்த நோயின் ஆள் என்று தெரிந்துவிடும்.

நேரம் குறைவென்றால் ஐந்து கட்டுரைகள் போதும்: முதல் ஆசிரியராக எழுதிய மிகப் பழையது ஒன்று, கடைசி ஆசிரியராக எழுதிய மிகப் புதியது ஒன்று, அதிகம் மேற்கோள் பெற்றது ஒன்று, இரண்டு நோய்களின் பெயரும் தலைப்பிலோ சுருக்கத்திலோ சேர்ந்து வருவது ஒன்று, எதிர்மறை முடிவு சொல்வது ஒன்று. ஒவ்வொன்றிலும் சுருக்கத்தை விட்டுவிட்டு முறைகள், வரம்புகள், நலமுரண் அறிவிப்பு (யாரிடமிருந்து பணம், பலன் பெறுகிறார் என்பது) மூன்றையும் படியுங்கள். நான்காவதும் ஐந்தாவதும் கிடைக்கவே இல்லையென்றால், அறிமுகப் பக்கத்தில் உள்ள காற்புள்ளிக்கு இருபுறமும் இரண்டு நோய்கள் இருக்கின்றன, இணைப்பு இல்லை. நீங்கள் இதையெல்லாம் பார்ப்பது சிகிச்சைக்கு மருத்துவர் தேடத்தான் என்றால், இந்தப் பட்டியல் பாதி வேலைக்குத்தான் ஆகும்: புராஸ்டேட் அறுவை என்றால் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார், சிறுநீர்க் கசிவு எத்தனை பேருக்கு நீடித்தது என்று அவரிடமே கேளுங்கள், அது பெரும்பாலும் இந்தத் தரவுத்தளங்களில் இருக்காது.